கம்புச நாட்டுத் தீர்த்தமும் தலமும்



ஒரு திருக்கோயிலின் பெருமையை எடுத்துரைக்கும்போது மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் சேர்த்துக் கூறுதல் நம் சான்றோர் மரபு. மூர்த்தி கருவறையில் எழுந்தருளியிருப்பது. தலம் அம்மூர்த்தி விளங்கும் ஊர். தீர்த்தமோ அவ்வூரைத் தூய்மை செய்து வாழ்விக்கும் நீர். இம்மூன்றில் ஒன்று குறையினும் தலபுராணம் நிறைவு பெறாது. ஆயின், காலம் இம்மூன்றனையும் ஒரே வகையாகக் காப்பதில்லை. கருங்கல்லால் அமைந்தது நிற்கும். மண்ணால் அமைந்த கரையும் மரத்தால் அமைந்த மனையும் மறையும். அவ்வாறு தலமும் தீர்த்தமும் மறைய, கற்கோயில்கள் மட்டுமே காட்டினிடையே நின்ற ஒரு பெருநகரத்தின் வரலாற்றை இன்று சிந்திப்போம். மறைந்தவற்றை நம் காலத்து அறிஞர்கள் எவ்வாறு மீட்டனர் என்பதும் அச்சிந்தனையுள் அடங்கும்.

அந்நகரம் கம்புச நாடு எனப் பெற்ற கம்போடியாவில் உள்ள அங்கோர். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை கெமர் மன்னர்கள் இருந்து ஆண்ட கோநகரம் அது. அங்கோர் என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த அங்கோர் வாட் என்னும் பெருங்கோயிலே. எனினும் அந்நகரம் பிறந்ததும் வளர்ந்ததும் சிவபெருமான் திருப்பெயரால் என்பதை நாம் மறத்தலாகாது.

நகரம் பிறந்த வரலாறு

இரண்டாம் சயவர்மன் என்னும் மன்னன் 802-ஆம் ஆண்டில் மகேந்திரபர்வதம் என்னும் மலைமீது பேரரசனாக முடிசூடினான் என்று கொள்வர். அம்மலையே இன்று கூலேன் மலை எனப்படுகின்றது. அங்கு இரணியதாமர் என்னும் அந்தணர் தேவராசக் கிரியையை நிகழ்த்தி, அதனைச் சிவகைவல்லியர் என்னும் ஆசாரியருக்கு உபதேசித்தார் என்று 1052-ஆம் ஆண்டைச் சார்ந்த ஸ்டோக் கோக் தோம் கல்வெட்டுக் கூறுகின்றது. அந்த உபதேசத்திற்கு ஆதாரமான நான்கு நூல்களின் பெயர்களையும் அக்கல்வெட்டுத் தருகின்றது. வீணாசிகம், நயோத்தரம், சம்மோகம், சிரச்சேதம் என்பன அவை. இவை சைவ நூல்களே. ஆயின் தமிழகத்துத் திருக்கோயில்களில் வழங்கும் இருபத்தெட்டு ஆகமங்களுள் சேர்ந்தன அல்ல.

பின்வந்த முதலாம் இந்திரவர்மன் அரிகராலயம் என்னும் நகரில் இந்திரதடாகம் என்னும் பேரேரியைக் கட்டினான். நெடும்பக்கம் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீண்டது அது. ஏரியை அமைத்த பின்னரே, 881-ஆம் ஆண்டில், பாகோங் என்னும் மலையொத்த கோயிலில் இந்திரேசுவரம் என்னும் சிவலிங்கத்தை நிறுவினான். அவன் மகன் முதலாம் யசோவர்மன் நகரை வடமேற்கே மாற்றி, யசோதரபுரம் எனப் பெயரிட்டு, பாக்கெங் குன்றின் உச்சியில் சிவலிங்கத்தை எழுந்தருளுவித்தான். அவன் கட்டிய யசோதரதடாகம் ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் நீளமும் 1.8 கிலோமீட்டர் அகலமும் உடையது. பதினோராம் நூற்றாண்டில் எழுந்த மேற்கு ஏரி இன்னும் பெரிது. நீளம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். இவ்வேரிகளைக் கெமர் மொழியில் பாரே என்பர். இவை பள்ளம் தோண்டி அமைத்தவை அல்ல. நான்கு புறமும் உயர்ந்த மண்கரை எழுப்பி, நிலமட்டத்திற்கு மேல் நீரைத் தேக்கியவை.

967-ஆம் ஆண்டில் யக்ஞவராகர் என்னும் அந்தணப் பெரியவர் எடுப்பித்த திரிபுவன மகேசுவரர் கோயில், பந்தேய் ஸ்ரெய் என்னும் பெயரால் இன்றும் விளங்குகின்றது. செம்மணற்கல்லில் செதுக்கிய அதன் கீழைக் கோபுர முகப்பில் இறைவன் ஆடுகின்றான். அவன் திருவடிப் பக்கத்தில் எலும்பும் தோலுமாய் ஒரு பெண்ணுருவம் அமர்ந்திருக்கின்றது. அவ்வுருவம் காரைக்கால் அம்மையாரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பேயுருவம் வேண்டிப் பெற்ற அம்மையார் கடல் கடந்தும் ஆடல்வல்லான் திருவடிக்கீழ் அமர்ந்திருக்கும் காட்சி, நம் நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

கண்ணுக்குப் புலப்படாத நகரம்

இத்துணைக் கோயில்களும் ஏரிகளும் இருந்தன என்றால், அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் எங்கே? பிரெஞ்சு அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கோரில் ஆராய்ச்சி செய்து வந்தனர். அவர்கள் முன் நெடுங்காலம் நின்ற வினா இதுவே. தா புரோம் கோயில் கல்வெட்டு, அக்கோயிலுக்குத் தொண்டு செய்யக் கடமைப்பட்ட ஊர்கள் 3,140 என்றும், அவற்றின் மக்கள் 79,365 பேர் என்றும் கணக்குரைக்கின்றது. அது 1186-ஆம் ஆண்டில் ஏழாம் சயவர்மன் எடுப்பித்த பௌத்தக் கோயில். ஒரு கோயிலுக்கே இத்துணைப் பேர் என்றால், நூற்றுக்கணக்கான கோயில்கள் நிறைந்த நகரில் எத்துணைப் பேர் வாழ்ந்திருத்தல் வேண்டும்? ஆயின் மதில்களின் உள்ளே சென்று பார்த்தால் மரமும் புதரும் அன்றி வேறொன்றும் இல்லை.

காரணம் எளிது. கெமர் நாட்டில் கல்லும் செங்கல்லும் தெய்வத்திற்கே உரியன. அரண்மனைகூட மரத்தால் ஆனது. குடிமக்கள் மனைகள் மரமும் கூரையும் வேய்ந்தன. அவை மட்கி மண்ணாயின. எஞ்சியன மனையிருந்த மேடும், மனையருகே வெட்டிய குளமும், நடந்த பாதையின் கரையுமே. ஒரு முழம் இரு முழம் உயரமே உள்ள அம்மேடுகளைக் காடு மூடிக்கொண்டது.

விண்ணிலிருந்து பார்த்தால் விளங்கும் என்று முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் விக்டர் கோலுபேவ். அவர் 1930-களில் விமானத்திலிருந்து ஆராய்ந்து, யசோவர்மன் நகருக்கு நடுவிடம் பாக்கெங் குன்றே என்று நிறுவினார். பெர்னார் பிலிப் குரோலியே என்பார், அங்கோர் ஒரு நீர் நகரம். அதன் வாழ்வும் வீழ்ச்சியும் ஏரி வாய்க்கால்களைப் பொறுத்தன என்று 1979-இல் விரிவாக எழுதினார். அதற்கு மறுப்பும் எழுந்தது. இவ்வேரிகளுக்கு மடையும் இல்லை, பாசன வாய்க்காலும் இல்லை. இவை வழிபாட்டின் பொருட்டும் மன்னர் புகழின் பொருட்டும் கட்டியவையே என்று வான் லியர் என்னும் நீரியல் அறிஞர் 1980-இல் வாதித்தார். வழிபாட்டுக்கா, வயலுக்கா என்னும் இவ்வழக்கைத் தீர்க்க நல்ல நிலப்படம் வேண்டியிருந்தது. அக்காலத்திலோ கம்போடியா போரிலும் பெருந்துயரிலும் சிக்கியிருந்தது. காட்டில் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. ஆராய்ச்சி பல ஆண்டுகள் தடைப்பட்டது.

இலையினூடே இறங்கிய ஒளி

அமைதி திரும்பிய பின், அங்கோர் 1992-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப் பெற்றது. கிறிஸ்தோஃப் போத்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர், விமானப் படங்களை நுணுகி நோக்கியும் வயல்தோறும் நடந்து சரிபார்த்தும், அங்கோரின் தென்பகுதிக்கு 1999-இல் விரிவான நிலப்படம் வகுத்தார். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் விமானம் ராடார் அலைகளால் அந்நிலத்தைப் படம் பிடித்தது. இவை யாவற்றையும் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, டேமியன் எவன்ஸ், போத்தியே, ரோலண்டு பிளெட்சர் முதலானோர் 2007-இல் ஒரு முழு நிலப்படத்தை வெளியிட்டனர். ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்த நகரமொன்று அதில் தெரிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும், முன்பு எவரும் குறியாத எழுபதுக்கும் மேற்பட்ட கோயில்களும் புதியனவாகக் குறிக்கப் பெற்றன.

அங்கோரின் சிற்றூர்க் கோயில் அமைப்பை அப்படத்தில் காணும் சைவ அன்பர் வியப்புறுவர். சதுரமான ஒரு மேடு, அதன்மேல் கோயில். மேட்டைச் சுற்றி அகழி. கிழக்கே வாயிற்பாதை, அதற்கு நேர் கிழக்கே ஒரு குளம். இவ்வமைப்பு வயல்வெளி முழுதும் மீண்டும் மீண்டும் வருகின்றது. கோயிலும் குளமும் குடியிருப்பும் சேர்ந்ததே ஊர் என்னும் நெறி, பேரரசர்க்கு மட்டும் அன்றிச் சிற்றூர் உழவர்க்கும் உரியதாய் இருந்தது.

ஆயினும் காடு மூடிய நடுநகரம் இன்னும் மறைந்தே இருந்தது. அதனைத் திறந்த கருவி லைடார் என்பது. அதன் இயல்பை எளிய உவமையால் விளக்கலாம். நண்பகலில் தல விருட்சமாகிய வில்வத்தின் அடியில் நிற்பவர், எத்துணை அடர்ந்த இலைகளின் இடையிலும் சிறு சிறு ஒளிப்புள்ளிகள் தரையில் விழுவதைக் கண்டிருப்பர். அவ்வாறே, ஹெலிகாப்டரில் பொருத்திய கருவி நொடிக்குப் பல்லாயிரம் லேசர் ஒளித்துடிப்புகளை நிலம் நோக்கி விடுகின்றது. பல துடிப்புகள் இலையில் பட்டுத் திரும்பும். சில இலையிடை நுழைந்து மண்ணைத் தொட்டுத் திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுவர். ஹெலிகாப்டர் நின்ற இடத்தைச் செயற்கைக்கோள்கள் உணர்த்தும். பின்னர்க் கணிப்பொறி, இலையில் பட்ட புள்ளிகளை விலக்கி, மண்ணில் பட்ட புள்ளிகளை மட்டும் கோத்துத் தரும். ஒரு மரமும் வெட்டப்படாமல், காட்டின் அடியில் உள்ள நிலம் மேடும் பள்ளமுமாக வெளிப்படும்.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 370 சதுர கிலோமீட்டர் நிலம் இவ்வாறு அளக்கப் பெற்றது. 2015-இல் மேலும் 1,900 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கோர் வாட் மதிலுக்குள், வெறுங்காடு என்று கருதிய இடத்தில், நேர்நேராகச் செல்லும் தெருக்களும், வரிசை வரிசையாக மனைமேடுகளும், மனைதோறும் குளங்களும் தெரிந்தன. தா புரோம் வளாகத்திலும் அவ்வாறே. அங்கோர் தோம் மதிலின் உட்பரப்பு ஒன்பது சதுர கிலோமீட்டர்; தெருக்களின் ஒழுங்கோ அம்மதிலைக் கடந்து, முப்பத்தைந்து சதுர கிலோமீட்டர் வரை பரந்திருந்தது. பின்னர் மனைமேடுகளை அகழ்ந்தபோது, சமையல் செய்த அடையாளங்களும் மட்பாண்டங்களும் கிடைத்தன. செழித்திருந்த காலத்தில் பேரங்கோரில் ஏழு முதல் ஒன்பது லட்சம் மக்கள் வாழ்ந்திருக்கலாம் என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிடுகின்றது.

கூலேன் மலையில் நிகழ்ந்ததோ இன்னும் வியப்பு. கல்வெட்டில் பெயராக மட்டும் இருந்த மகேந்திரபர்வதம், திசை நோக்கி நீண்ட பெருங்கரைகளும், கட்டங்கட்டமாகப் பிரித்த நகரமைப்பும், அணைகளும், முற்றுப் பெறாத ஒரு பேரேரியுமாக வெளிப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்பு அது. முழு விவரம் 2019-இல் வெளியிடப் பெற்றது. ஒளியால் கண்டதைக் காலால் நடந்து உறுதி செய்தனர். கண்ணிவெடி அஞ்சி, அடிமேல் அடிவைத்து நடந்த நடை அது. இப்பணிக்குத் தலைமை ஏற்ற டேமியன் எவன்ஸ் 2023-இல் இயற்கை எய்தினார். மறைந்த ஒரு நகரத்தை மக்களுக்குத் திருப்பித் தந்த அப்பெருமகனாரை நாம் நன்றியுடன் நினைத்தல் தகும்.

வழிபாட்டுக்கா, வயலுக்கா?

இனி, முன் கூறிய வழக்கிற்கு வருவோம். நிலப்படம் கூறிய விடை யாது? வடக்கே கூலேன் மலையிலிருந்து இழிந்து வரும் ஆறுகளை நெடுங்கரைகள் மறித்துத் திருப்பின. நடுவே பேரேரிகள் அந்நீரைத் தேக்கின. தெற்கே வாய்க்கால்கள் பிரிந்து, தோன்லே சாப் என்னும் பேரேரி நோக்கி வயல்களினூடே சென்றன. ஏரிகளுக்கு நீர் வரும் வழியும் உண்டு, போகும் வழியும் உண்டு என்பது தெளிவாயிற்று. மடையில்லை என்ற வாதம் நிற்கவில்லை.

ஆயின், வழிபாட்டின் பொருட்டே என்றவர் கூற்று முழுதும் பொய்யோ எனின், அன்று. யசோதரதடாகத்தின் நடுவே தீவாக நின்ற கிழக்கு மேபோன் கோயிலில், இராசேந்திரவர்மன் பத்தாம் நூற்றாண்டின் நடுவில் சிவலிங்கம் நிறுவினான். அன்று ஓடத்தில் சென்று வழிபட்ட அக்கோயிலுக்கு இன்று வறண்ட தரையில் நடந்து செல்கின்றனர். கூலேன் மலைத்தொடரில் உள்ள கபால் ஸ்பியன் என்னும் ஆற்றின் படுகைப் பாறையில், நூற்றுக்கணக்கான சிவலிங்கங்களை வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கின்றனர். ஆறு அவற்றின்மேல் தவழ்ந்தே கீழிறங்குகின்றது. ஆற்றுநீர் முழுதும் முதலில் சிவலிங்கத்திற்குத் திருமஞ்சனமாகி, அதன்பின் நகருக்கும் வயலுக்கும் செல்லட்டும் என்று கருதியே இதனை அமைத்தனர் போலும்!

வழிபாட்டுக்கா, வயலுக்கா என்று பிரித்து வினவியதே குறை என்பது இப்போது விளங்கும். இறைவனை ஆட்டிய நீரே பயிரையும் வளர்த்தது. பயிர் விளைந்த நிலமே கோயிலுக்கு அமுதுபடி அளித்தது. தீர்த்தம் என்னும் ஒரு சொல்லில் இவ்விரண்டும் அடங்கும். திருக்குளத்தில் நீராடி வழிபட்டு, அதன் கசிவால் ஊர்க்கிணறுகள் ஊறுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு, இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

வீழ்ச்சியின் பாடம்

அத்துணைப் பெரிய நகரம் ஏன் வீழ்ந்தது? 1431-ஆம் ஆண்டளவில் அயுத்தியா நாட்டார் படையெடுத்து அழித்தனர் என்பது நெடுநாள் கூறிவந்த விடை. அது முழு விடை அன்று என இப்போது தெளிகின்றது. வியட்நாம் மலைகளில் நிற்கும் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சி நிலவியதையும், இடையிடையே பெருமழை கொட்டியதையும் 2010-இல் எடுத்துக்காட்டினர். வெள்ளம் சில வாய்க்கால்களை அரித்து ஆழமாக்கியது. சிலவற்றை மணலால் தூர்த்தது. ஆழமான வாய்க்கால் நீர் முழுவதையும் இழுத்துக்கொள்ள, மற்றவை வறண்டன. ஒன்று கெட, அதனைச் சார்ந்த மற்றொன்று கெட, அவ்வாறே வலைப்பின்னல் முழுதும் சிதைந்த முறையைக் கணிப்பொறி வழியே 2018-இல் ஆராய்ந்து காட்டினர்.

அகழியின் அடிமண்ணை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த முடிவு இன்னும் சிந்திக்கத்தக்கது. படையெடுப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நடுநகரில் நிலத்தைப் பயன்படுத்துவது சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது என்பதே அது. நகரம் ஒரே நாளில் பகைவர் கையால் அழியவில்லை. பேணுவார் குறையக் குறைய, கரை உடைந்து, வாய்க்கால் தூர்ந்து, குடிகள் ஒவ்வொருவராக நீங்கினர். அங்கோர் வாட்டில் மட்டும் பௌத்தத் துறவியர் தொடர்ந்து இருந்து விளக்கேற்றி வந்தனர். ஆதலின் 1860-இல் அங்குச் சென்ற ஆன்றி மூஓ அந்நகரைக் கண்டுபிடித்தார் என்னும் வழக்கும் பொருந்தாது. இருந்தவர் இருந்தனர்; உலகம் அறியாதிருந்தது.

நாம் கொள்ள வேண்டுவன

அன்பர்களே! இவ்வரலாற்றைக் கேட்குங்கால் நம்முள் ஒரு பெருமிதம் எழுதல் இயல்பு. அப்பெருமிதம் வரம்பு கடத்தலாகாது. காம்போச மன்னன் நட்பு வேண்டி இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்று அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு கூறுகின்றது. இரு நாட்டுக்கும் தொடர்பு இருந்தது உண்மை. ஆயின் அங்கோரைத் தமிழர் கட்டினர் என்று மேடைதோறும் முழங்குவார் கூற்றுக்கு அச்செப்பேடு சான்றாகாது. அந்நகரைக் கட்டியவர்கள் கெமர் மக்கள். மண் சுமந்தவர்களும் கல் செதுக்கியவர்களும் அவர்களே. சிவபெருமான் எந்நாட்டவர்க்கும் உரியவன் என்று நாம் மெய்யாக நம்புவோமாயின், பிறர் தம் மொழியில், தம் மரபில், தம் கையால் அவனுக்குச் செய்த தொண்டினை அவர்களுடையதாகவே போற்றுதல் கடமையாகும். பிறர் தொண்டைத் தமதென்று உரிமை கொள்வது பக்தி ஆகாது.

மற்றொன்று. அங்கோரில் இன்றும் கற்கோயில்கள் நிற்கின்றன. கோபுரம் உண்டு, சிற்பம் உண்டு, கல்வெட்டு உண்டு. இல்லாதவை, நீர் வந்த வழியும் அதனைக் காத்த குடிகளும். அவற்றைத் தேட விமானமும் லேசரும் கணிப்பொறியும் பல நாட்டு அறிஞரின் வாழ்நாள் உழைப்பும் வேண்டியிருந்தன. நம் ஊர்களிலோ நிலைமை வேறு. இத்திருக்குளத்திற்கு எந்த ஏரியிலிருந்து, எந்த வாய்க்கால் வழியாக நீர் வந்தது என்று கூறவல்ல முதியவர் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். ஊர்க்கணக்கில் அவ்வாய்க்காலின் பெயர் இன்னும் எழுதியிருக்கின்றது. ஆயின் வாய்க்காலின்மேல் சுவர் எழுந்துவிட்ட ஊர்களும் உண்டு. குளம் வறண்டு, தீர்த்தவாரி நாளில் தொட்டியில் நீர் நிரப்பி அத்திரதேவரை நீராட்டும் நிலையும் சில தலங்களில் நேர்ந்திருக்கின்றது. கும்பாபிடேகத்திற்குப் பொருள் திரட்ட முன்வரும் கை, தூர் எடுக்க மண்வெட்டி பிடிக்கவும் முன்வருதல் வேண்டும். இரண்டும் திருப்பணியே.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் ஊர் முதியவர் ஒருவரை அணுகி, நம் திருக்குளத்து நீர் எவ்வழி வந்தது ஐயா, என்று கேளுங்கள். அவர் காட்டும் வழியே ஒருமுறை நடந்து, கண்டதை ஒரு தாளில் வரைந்து, கோயிலில் வைத்துக் காப்பாற்றுங்கள். ஒளிக்கதிர் கொண்டு பின்வருவோர் தேட வேண்டிய நிலை நம் தலத்திற்கு நேராதிருக்க, அந்த ஒரு தாள் துணை செய்யும்.

திருச்சிற்றம்பலம்.